பத்மாவதி வாங்கிய சத்தியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் வந்தது. முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. படித்துறையில் காதோலை கருகமணி விட்டு, சித்ரான்னம் வைத்துக் கும்பிட்டோம். நாம் உட்கார்ந்து துணி துவைத்த கல் மட்டும் இப்போது இல்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். "பாட்டி, உனக்குப் பிடித்த பழைய படம் ஒன்று சொல்லு" என்றாள். யோசிக்காமல் 'மனோகரா' என்றேன். டி.வி.யில் போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதுகிறேன்.

படம் 1954-இல் வந்தது. நம் ஊர் டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தபோது நாம் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தோம். தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கம், மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். உடனே முறுக்குக்காரர் வந்துவிடுவார். வசனம் நமக்கு அதற்கு முன்பே மனப்பாடம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் காலையிலிருந்து அதைத்தானே போடுவார்கள்.

சங்கிலியால் கட்டி இளவரசன் மனோகரனைச் சபைக்குக் கொண்டுவரும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மனோகரனாக நடித்த சிவாஜிக்கு அப்போது 25 வயது. வசனம் எழுதிய கலைஞருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகத்தை எடுத்து, திருக்குவளைப் பிள்ளை அதில் இப்படி நெருப்பை மூட்டியிருக்கிறார். ராஜாவின் ஆசைநாயகி வசந்தசேனையாக வரும் டி.ஆர். ராஜகுமாரியும் தஞ்சாவூர்க்காரர்தான். 'ஹரிதாஸ்' படத்தில் நம் மாயவரத்துப் பாகவதரையே மயக்கியவர் ஆயிற்றே! இதில் அவர் அதிகம் கத்துவதே இல்லை. ஒரு பார்வை போதும், ராஜா எழுந்து பின்னால் போய்விடுவார். அந்த ராஜாவை முட்டாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், மனசார ஆசைப்பட்டுக் கண்ணை இழந்த மனுஷனாகத் தெரிகிறார். அவர் ஆசைக்குப் பின்னால் நின்று ராஜ்ஜியத்தையே பிடுங்கப் பார்க்கிறார்கள், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. வசந்தசேனையை மட்டும் கதை முழுக்க வஞ்சகியாகவே நிறுத்திவிட்டார்களே என்றும் ஒரு உறுத்தல் வந்தது. முன்பெல்லாம் எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது மனோகரனின் அம்மா, ராணி பத்மாவதியைப் பற்றி. அந்த வேஷத்தில் வரும் கண்ணாம்பாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழை அந்த அம்மாள் பேசுவதைக் கேட்டால் நம்ப முடியாது. அவர் மகனிடம் ஒரு சத்தியம் வாங்கிவிடுகிறார், அந்த வசந்தசேனையை ஒன்றும் செய்யக் கூடாது என்று. படம் முழுக்க மனோகரனைக் கட்டிப்போடுவது அந்தச் சத்தியம்தான், இரும்புச் சங்கிலி இல்லை. கடைசியில் அவரே, பொறுத்தது போதும் என்று அவனை விடுவிக்கும்போதுதான் சங்கிலி அறுகிறது. அந்த இடத்தில் கொட்டகையே எழுந்து நின்று விசில் அடித்ததே! நாம் இரண்டு பேரும் மணலை வாரி வாரி இறைத்தோம்.

என் அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டுக் கதை உனக்குத் தெரியாதது இல்லை. அப்பாவுக்குக் கும்பகோணத்தில் இன்னொரு வீடு. அறுப்பு முடிந்தால் நெல் விற்ற பணத்தோடு போவார், மாசக்கணக்கில் வரமாட்டார். அண்ணனுக்கு 17 வயது ஆனபோது, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவதாகக் கிளம்பினான். அம்மா குத்துவிளக்குக்கு முன்னால் அவனை நிறுத்தி, "அந்தப் படியை நீ மிதிக்கக் கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். தூணுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். இதை இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் படம் கொட்டகைக்கு வந்தது. சினிமா என்றாலே வேண்டாம் என்பவர், அந்தப் படத்துக்கு மட்டும் மூன்று தடவை போனார். வசனம் பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மூன்று தடவையும் அவர் எதற்குக் காத்திருந்தார் என்பது எனக்குப் போன வாரம்தான் புரிந்தது. பத்மாவதி சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறாள். என் அம்மா கடைசிவரை எடுக்கவில்லை.

அப்பா அந்தக் கும்பகோணத்து வீட்டில்தான் கண்ணை மூடினார். அண்ணன் போனான். தெருவிலேயே நின்றான், படியேறவில்லை. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தும் ஏறவில்லை. உடம்பை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பார்த்தான். அவனுக்கு நெஞ்சு கல் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவன் போய்ச் சேர்ந்தும் நாலு வருஷம் ஆகிறது. இப்போது நான் யாரிடம் போய், அவன் நெஞ்சு கல் இல்லை என்று சொல்வது?

சரி, உன்னை ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். மூன்றாவது தடவை போனபோது உன் அம்மாவும் கூட வந்தார்கள். ஆட்டம் விட்டு ஆற்றங்கரை வழியாக அரிக்கேன் விளக்கோடு திரும்பினோம். நாம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம், அவர்கள் இரண்டு பேரும் பின்னால் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். அன்றைக்கு என் அம்மா என்ன சொன்னார் என்று உன் அம்மா எப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா? நன்றாக யோசித்துப் பார். ஒரு வார்த்தையாக இருந்தாலும் எழுது.

உன்,
மணல்மேட்டுத் தோழி