எழுதாமல் விட்ட காயம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். பிரித்த பிறகுதான் தெரிந்தது, இடது கையால் எழுதியிருக்கிறாய். போலீஸ் பயிற்சிக் காலத்தில் நம் பேட்ச்சிலேயே உன் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உன் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். ஒருவனைத் துரத்தும்போது படியில் விழுந்து தோள்பட்டை உடைந்து, தகடு வைத்திருக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, பாதிப் பக்கம் என் முழங்காலை விசாரித்திருக்கிறாய். படித்ததும் நெஞ்சு கனத்துப்போனது.

முழங்கால் பரவாயில்லை. சமதரையில் நன்றாக நடக்கிறேன். படி இறங்கும்போது மட்டும் கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷமாக இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா உட்காரவில்லை. பணியில் அடிபட்ட நம் போலீஸ் பிள்ளைகளுக்கு நஷ்டஈடு கேட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். அதனால்தான் உன் கடிதத்தின் கடைசி வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை.

"ஈரப் படின்னு தெரிஞ்சும் ஓடினது நான். தப்பு என்மேல. இதுக்குப் போய் நஷ்டஈடு கேட்கறதா? போலீஸ் வேலைன்னா அடிபடத்தானே செய்யும்" என்று எழுதியிருக்கிறாய்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். இந்த வாதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த ஆள், பாரம் ஏற்றிய வண்டியில் போகும்போது வண்டி உடைந்து காயப்பட்டான். முதலாளி மேல் வழக்குப் போட்டான். நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: வண்டியின் நிலைமை முதலாளியைவிட உனக்குத்தானே நன்றாகத் தெரிந்திருக்கும், ஆபத்து என்று பட்டால் ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. அதன் பிறகு பல பத்தாண்டுகள், அடிபட்ட தொழிலாளி நீதிமன்றப் படி ஏறினால் மூன்று கதவுகள் அவன் முகத்தில் சாத்தப்பட்டன. உன் கவனக்குறைவும் இருக்கிறது என்பது ஒன்று. உன்னோடு வேலை பார்த்தவனின் தவறு என்பது இன்னொன்று. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது மூன்றாவது.

நீ எழுதிய வரிகளைத் திரும்பப் படித்துப் பார். முதல் கதவையும் மூன்றாவது கதவையும் நீயே சாத்திக்கொண்டிருக்கிறாய்.

அந்தக் கதவுகளை உடைக்கத்தான், வேலையில் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு தரும் சட்டங்களே வந்தன. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1884இல், விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1897இல் வந்தது. பிறகு ஒவ்வொரு நாடாகப் பரவியது. அடிப்படையில் அது ஓர் ஒப்பந்தம். பல இடங்களில் தொழிலாளி தன் முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறான். அதற்குப் பதிலாக, தப்பு யார்மேல் என்று கேட்காமல், வேலையால் வந்த காயமா என்று மட்டும் பார்த்து, வைத்தியச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். போதையில் இருந்தது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது போன்ற சில விலக்குகள் உண்டு. ஈரப் படியில் ஓடியது பொதுவாக அந்தப் பட்டியலில் வராது. அதனால் நீ கேட்கப்போவது சலுகை என்று நினைக்காதே. அதற்கான விலையை நம் முன்னோர் எப்போதோ கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கசாப்புக் கடை ஆளாவது வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திவிட்டு ஒருவன் படியில் ஓடுகிறான். ஈரமாக இருக்கிறது, நான் வரவில்லை என்று நீ நின்றிருக்க முடியுமா? நின்றிருந்தால் அதற்குத்தான் உன்மேல் விசாரணை வந்திருக்கும். மறுக்க முடியாத வேலையில் இருக்கிறவனிடம், ஆபத்து தெரிந்துதானே வந்தாய் என்று சொல்வது எனக்கு மிகப் பெரிய அநியாயமாகப் படுகிறது. நீ உனக்கே அதைச் சொல்லிக்கொள்வது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் போலீஸ்காரருக்குக் கூடுதலாகவே செய்திருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் வருஷத்து உடன்படிக்கை, தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவனுக்குப் பழைய வருமானத்தில் 60 சதவீதத்தை அளவுகோலாக வைத்தது. அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் கலிபோர்னியாவில் பணியில் காயம்பட்ட போலீஸ்காரருக்கு ஒரு வருஷம் வரைக்கும் முழுச் சம்பளம் உண்டு. பிரிட்டனில் போலீஸுக்கென்றே தனியாகக் காய ஓய்வூதியம் வைத்திருக்கிறார்கள். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, நான்கு படிகளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஓரிடத்தில் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வரும், இன்னோரிடத்தில் போலீஸுக்கென்று தனி விதி இருக்கும். உனக்கு எது பொருந்தும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

இப்போது என் முழங்கால் கதையைச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும்.

அந்தக் கலவர நாளில் கூட்டம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஓர் இரும்புக் கம்பி என் காலுக்குக் குறுக்கே விழுந்தது. முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பியது, எனக்கே சத்தம் கேட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு விடியும் வரை நின்றேன். காலையில் ஸ்டேஷனுக்குப் போய், அன்றன்று நடந்ததைப் பதியும் டைரியை எழுத உட்கார்ந்ததும் நான்தான். கூட்டத்தில் காயம்பட்ட பதினொரு பேரின் பெயர், வயது, எங்கே அடி, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். என் பெயரை எழுதவில்லை. எழுதினால் பயந்தவன் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. மற்றவர்கள் நின்றுகொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி என்றும் தோன்றியது. சொந்தச் செலவில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, பத்து நாள் சொந்த விடுப்பு எடுத்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து முழங்கால் மொத்தமாகக் கைவிட்டது. அறுவை சிகிச்சைக்கு மனு போட்டேன். மருத்துவக் குழுவில் இருந்த அதிகாரி அந்த நாளின் டைரியை வரவழைத்து என் முன்னால் திருப்பினார். "இதில் உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை. பக்கம் முழுக்க என் கையெழுத்து. என்ன பதில் சொல்வேன்? வயதாகும்போது வருகிற தேய்மானம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் முன்னால் இருந்த காகிதம் அதைத்தான் சொன்னது. அன்றைக்கு வெளியே வந்த பிறகுதான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஊரில் யாருக்கு அடிபட்டாலும் எழுதி வைக்கிறவர்கள் நாம். நம் காயத்தை மட்டும் எழுதாமல் விடுகிறோம். இந்தப் பழக்கம் எத்தனை பேரின் முதுமையைக் கெடுத்திருக்கிறது என்று, மனுவோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது தெரிகிறது.

ஒரே நாளில் வந்த அடிக்காவது ஒரு தேதி உண்டு. தேதியே இல்லாத காயங்களை நிரூபிப்பது இன்னும் கஷ்டம். வருஷக்கணக்கில் இடுப்பு பெல்ட்டில் துப்பாக்கி, விலங்கு, வாக்கி டாக்கி என்று சுமந்து, அப்படியே வண்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் முதுகு என்னாகும்? பொதுவாகக் கேட்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். கலிபோர்னியாவில் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். குறைந்தது ஐந்து வருஷம் முழுநேரப் பணியில் அந்த பெல்ட்டைக் கட்டியவருக்குக் கீழ்முதுகுக் கோளாறு வந்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். இதய நோய்க்கும் அங்கே இப்படியொரு ஏற்பாடு உண்டு. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நம் இடுப்பையும் முதுகையும் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

அப்புறம், கடிதத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒன்று எழுதியிருந்தாய். ராத்திரி தூக்கம் வருவதில்லை, கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் அலறல்தான் கேட்கிறது என்று. அதை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டாய்? தோளில் வைத்த தகடு எக்ஸ்ரேயில் தெரியும், இது தெரியாது. ஆனால் இதுவும் அதே படியில், அதே ராத்திரியில் பட்ட காயம்தான். பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்க்கு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்தது. போலீஸ்காரருக்கு அது வந்தால் வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று கனடாவின் ஒன்டாரியோவில் 2016இல் சட்டம் வந்தது, கலிபோர்னியாவில் 2020இல் நடைமுறைக்கு வந்தது. உடம்பில் காயமில்லாமல் மனதில் மட்டும் பட்டால் இழப்பீடு கிடையாது என்று சொல்கிற இடங்கள் இன்னமும் இருக்கின்றன. அது மாற வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். உன் விஷயத்தில் உடம்புக் காயமும் இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே மனுவில் எழுது. டாக்டரிடம் தூக்கமில்லாததையும் சொல். நம் பேட்ச்சில் ஒருவன் யாரிடமும் சொல்லாமல் எப்படிப் போனான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் பெயரை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். விழுந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறாய். பல அமெரிக்க மாநிலங்களில் மேலதிகாரிக்குத் தெரிவிக்க 30 நாள்தான் கெடு. உனக்குப் பொருந்தும் விதியில் எத்தனை நாள் என்று இன்றைக்கே கேள். அன்றைக்கு வாய்வார்த்தையாகச் சொன்னேன், எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிடாதே. தெரிந்தவர்கள் மாற்றலாகிப் போவார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார். பெரும்பாலும் "படியில் வழுக்கி விழுந்தார்" என்று மட்டும்தான் இருக்கும். நாளைக்கு அதைப் படிக்கிறவர் உன் வீட்டுப் படி என்று நினைப்பார். பணியில், இன்ன நேரத்தில், இன்னாரைத் துரத்தும்போது என்று டாக்டரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல். தோளோடு மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கிறது என்கிறாயே, அதையும் விடாதே. பிறகு சேர்த்தால் புதிதாக முளைத்தது என்பார்கள்.

உட்கார்ந்த வேலை கொடுக்கிறோம், வந்துவிடு என்று கூப்பிடலாம். கூப்பிடுகிறவர் நல்லவராகவே இருந்தாலும், எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போகாதே. மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று வந்தாலும் அவசரப்படாதே. சில ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட பிறகு எதிர்கால வைத்தியமும் அதோடு முடிந்துவிடும். அந்தத் தகடு இன்னும் பல வருஷம் உன் உடம்பில் இருக்கப்போகிறது. காயம் இனி இதற்குமேல் ஆறாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் நிரந்தர இழப்பு எத்தனை சதவீதம் என்பதைச் சரியாக அளக்க முடியும். அதுவரைக்கும் பொறு.

தோளை மறைத்துக்கொண்டு பணிக்குத் திரும்பினால், நாளைக்கு உன்னோடு ரோந்து வருகிற இளம் பையனுக்கும் அது ஆபத்து. இது உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு தங்கச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல். நீ சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். தேதி, நேரம், எத்தனையாவது படி, உன்னோடு யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள், எல்லாவற்றையும் ஒரு வழக்குக்கு எழுதுகிற மாதிரியே சொல். உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கீழே இடது கையால் நீ கையெழுத்துப் போடு. வாங்கியதற்கான முத்திரையோடு ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும், இன்னொன்று எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சனிக்கிழமை காலை நானே கிளம்பி வந்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உன்னோடு பாரா நின்ற நண்பன்