பூனையின் அழகைப் பார்த்து வாங்குவோர் அதன் சுபாவத்தையும் கேட்டறிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சில ஆண்டுகளாக ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் மட்டுமன்றித் தோட்டக் குடியிருப்புகளிலும் விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு இனப் பூனைகளைக் காண முடிகிறது. முன்பெல்லாம் அடுத்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) பூனை குட்டி போட்டால், அவை ஓடியாடும் பருவத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கி வருவோம். இன்று கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பினால், கொழும்பிலிருந்து குட்டி பெட்டியில் வந்து சேர்கிறது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. வாங்கப்போகும் பூனையின் சுபாவம் என்ன, நமது மழைக்கும் குளிருக்கும் வீட்டின் அளவுக்கும் அது பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை என்பதும், அதனால் அந்த உயிர்கள் படும் பாடும் என் மனத்தை உறுத்துகின்றன.

என் மகள் சென்ற ஆண்டு பேர்சியன் குட்டி ஒன்றை வாங்கினாள். வாரம் ஒருமுறை சீவினால் போதும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டனில் வாரக்கணக்கில் துணி காயாது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நீண்ட மயிர் கொண்ட பூனையின் உடலும் அப்படித்தான். ஒருநாள் அதன் முன்னங்காலுக்கு அடியில் விரலை விட்டபோது, மயிர் திரண்டு நெல்லிக்காய் அளவுக்குச் சடை விழுந்திருப்பதும், அது ஒவ்வோர் அடிக்கும் தோலைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது. சீப்பை வைத்தால் அது கீறவுமில்லை, கத்தவுமில்லை. காதைப் பின்னே சாய்த்துக்கொண்டு தோலை மட்டும் சிலிர்த்தது. பேர்சியன் பூனை சாதுவானது, சத்தமில்லாதது, மடியில் கிடக்கப் பிரியப்படுவது என்று எல்லோரும் புகழ்வது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுமையே அதன் வேதனையை எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. மிருக வைத்தியர் மயிரை முழுவதும் கத்தரித்தபோது அடியில் படர்தாமரை பரவியிருந்தது. இந்த இனத்துக்கு நாள்தோறும் சீவுதல் வேண்டும். தட்டையான முகத்தினால் கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும் என்பதால் கண்களைத் துடைத்துவிடவும் வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோயும் இவற்றில் அதிகம். தாய் தந்தைப் பூனைகளுக்கு அதற்கான மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க முடியும் என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

சியாமீஸ் பூனையின் கதை வேறு. ஒரு நிமிடமும் தனித்திருக்க விரும்பாமல், வீட்டாரின் பின்னாலேயே அலைந்து, கைக்குழந்தை அழுவது போன்ற குரலில் ஓயாது பேசும் இனம் அது. காலை ஆறரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதை வளர்ப்பது கொடுமை என்றே நான் கருதுகிறேன். நுவரெலியாவில் உள்ள எனது தோழி ஒருவர், தம் சியாமீஸ் பூனை ஆண்டுக்கு ஆண்டு கறுத்து வருவதைக் கண்டு ஏதோ நோய் என்று பயந்துபோனார். அது நோயன்று. இந்த இனத்தில் கருநிறத்தை உண்டாக்கும் நொதி, உடலின் வெப்பம் சற்றுக் குறைந்த இடங்களில் மட்டுமே வேலை செய்கிறது. அதனால்தான் தாயின் வயிற்றுச் சூட்டில் வளர்ந்த குட்டி வெள்ளையாகப் பிறந்து, பின்னர் காது, முகம், பாதம், வால் ஆகியவை கறுக்கின்றன. குளிரான இடத்தில் வளரும் சியாமீஸ், வெப்பமான ஊரில் வளர்வதைவிடக் கறுத்த உடலைக் கொண்டிருக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள ஊரில் அந்த மாற்றம் இயல்பானதே.

பிரிட்டிஷ் ஷோர்ட்ஹெயார் பூனை அருகில் அமர்ந்திருக்கும், ஆனால் தூக்கி அணைத்தால் விரும்பாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவிலிருந்து வந்த மெய்ன் கூன் உருவத்தில் பெரியது, குணத்தில் மென்மையானது. ரக்டோல் எனும் இனம், தூக்கினால் துணிப்பொம்மை போல் தளர்ந்துவிடுவதால் அப்பெயர் பெற்றது. மடிந்த காதுக்காக விரும்பப்படும் ஸ்கொட்டிஷ் ஃபோல்ட்டைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே எழுதுகிறேன்: 1961இல் ஸ்கொட்லாந்தின் பண்ணையொன்றில் கண்டெடுக்கப்பட்ட பூனையிலிருந்து பெருக்கப்பட்ட இதன் காதை மடிக்கும் குருத்தெலும்புக் குறைபாடு காதோடு நிற்பதில்லை. மூட்டுகளிலும் வாலிலும் அது நோவை உண்டாக்குகிறது. இதை யாரும் வாங்க வேண்டாம்.

பெங்கால் பூனையை வாங்க நினைப்பவர்கள், அது வீட்டுப் பூனையை ஆசியச் சிறுத்தைப் பூனை என்னும் காட்டினத்தோடு சேர்த்து உருவாக்கப்பட்டது என்பதை மனதிற்கொள்ள வேண்டும். ஓட்டம், ஏற்றம், வேட்டை ஆகியவை இல்லாவிட்டால் அதன் மனம் கெட்டு, வீட்டிலுள்ள பொருள்களும் கெடும். இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது புள்ளிகள் கொண்ட சிறு குட்டிகளைக் கண்டு, பூனைக்குட்டி என்று எண்ணி நம்மவர் இரக்கத்தோடு வீட்டுக்கு எடுத்து வருவதுண்டு. அவை உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளுள் ஒன்றான, துரு நிறப் புள்ளிகள் கொண்ட பூனையின் குட்டிகளாகவோ, மீன்பிடிப் பூனையின் குட்டிகளாகவோ இருக்கலாம். இவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தாய் இரை தேடித் திரும்பி வரும் என்பதால், அவ்விடத்தைவிட்டு விலகுவதே அவற்றுக்குச் செய்யும் உதவி.

இனத்தின் பெயரே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 5,700 பூனைகளின் தகவல்களைத் திரட்டி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம், சுறுசுறுப்பு, மனிதரை நாடும் இயல்பு ஆகியவற்றில் பூனைகளிடையே காணும் வேறுபாட்டின் பாதியளவு பரம்பரையாக வருவதாகக் கண்டனர். மீதிப் பாதி வளர்ப்பு, சூழல் போன்றவற்றைச் சார்ந்தது. பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி எந்த இனமானாலும் நம்மை நம்பும். அந்த வாரங்களைக் கூண்டுக்குள் கழித்த குட்டி எவ்வளவு விலை பெற்றாலும் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். எங்கள் குட்டி ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. இன்றும் அது போர்வையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டுதான் உறங்குகிறது.

நம் அடுப்படியில் சாம்பல் சூட்டுக்குச் சுருண்டு படுக்கும் நாட்டுப் பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984இல் இத்தாலிய மிருக வைத்தியர் ஒருவர் இந்நாட்டுப் பூனைகள் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து உருவான இனம் இன்றும் ‘சிலோன் பூனை’ என்றே அழைக்கப்படுகிறது. அதன் அடையாளம் மயிரின் நிறத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மணற்பழுப்பு நிறப் பெட்டைப் பூனையின் உதிர்ந்த மயிர் ஒன்றைச் சேலையிலிருந்து எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே மயிரில் வெளிர் நிறமும் கருநிறமும் மாறி மாறி வளையமிட்டிருந்தன. நெற்றியிலும் கால்களிலும் மட்டும் வரிகள். இத்தாலியில் கண்காட்சி மேடையில் வைக்கும் பூனையை நாம் எலி பிடித்தால் போதும் என்று மழையில் விட்டிருக்கிறோம். குட்டைமயிர் கொண்ட இது சீக்கிரம் உலர்கிறது. லயன் அறைகளில் அரிசி மூட்டையைத் தேடி வரும் எலிகளை அடக்குகிறது. அழைத்த குரலுக்கு வருகிறது.

ஆகவே, தங்கள் வார வெளியீட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டு, பூனை இனங்களின் சுபாவம், மலைநாட்டு மழைக்காலப் பராமரிப்பு, நீர்வெறுப்பு (ரேபிஸ்) நோய்த் தடுப்பூசி, கருத்தடைச் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றிச் சில வாரங்களுக்கு எளிய தமிழில் எழுதச் செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வைகாசி மழைக்கு முன்னர் அது வெளிவருமானால் மிகவும் பயனுடையதாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.