உன் அப்பாவின் துப்பாக்கியும் என் மருமகனின் துப்பாக்கியும்

மந்தைவெளி, சென்னை-28
தை 6

அன்புள்ள தண்டபாணி,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் வந்து, கீழ்வீட்டுக்காரரின் மேசையில் இரண்டு மாதம் தூங்கியிருக்கிறது. போன வாரம்தான் கைக்குக் கிடைத்தது. உனக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும். பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு மார்கழிக் கடைசியில் திரும்பினோம். குளிரில் என் முழங்காலும் மரகதத்தின் பொறுமையும் ஒன்றாகத் தேய்ந்தன. இங்கே தெரு முழுக்க மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய மண். கபாலி கோயிலுக்கு நடந்து போவதற்குள் வேட்டி நிறம் மாறிவிடுகிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நானூறு டாலருக்கு வாங்கிய, கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியால் நூறு கஜத்தில் மூன்று தோட்டாவையும் ஒரு காசு அளவுக்குள் போடுகிறேன் என்று உன் அக்கா மகன் பெருமை அடித்தான். உன் அப்பா வைத்துவிட்டுப் போன .315 துப்பாக்கியின் தோட்டாக்கள் அதே தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தையே தாண்டிச் சிதறுகின்றன. அப்படியானால் அப்பா வாங்கியது குப்பையா, திருப்பி ஒப்படைத்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். வேடிக்கை என்னவென்றால், என் மருமகனும் அதே ரகத் துப்பாக்கியைத்தான் வாங்கியிருக்கிறான். 2012-இல் வெளிவந்த ரூகர் அமெரிக்கன். வெளிவந்தபோது கம்பெனி குறித்த விலை 449 டாலர். கடைகளில் அதைவிடக் குறைவாகவே விற்றது. மூன்று மாதம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னது அப்படியே உண்மை. தொடவில்லை. சுற்றுலா விசாவில் வந்தவன் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அவன் சமையலறை மேசையில் அதைப் பிரித்துப் பரப்பியபோது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் நகை பார்க்கும் கிழவியைப் போலக் குனிந்து குனிந்து பார்த்தேன். அம்பத்தூரில் முப்பத்து நான்கு வருடம் லேத்தும் மில்லிங்குமாக வாழ்ந்தவனுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்று நினைத்துப் பார்.

இத்தனை குறைந்த விலையில் எப்படித் துல்லியம் வருகிறது என்பதுதான் உன் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. குழலைப் பார்த்தவுடனே பாதி பதில் கிடைத்துவிட்டது. அது சுத்தியலால் அடித்துச் செய்த குழல். உள்ளே விழ வேண்டிய சுழல் பள்ளங்களின் எதிர்வடிவம் செதுக்கிய மிகக் கெட்டியான ஒரு தண்டைத் துளைக்குள் நுழைத்து, வெளியே நாலா பக்கமும் இயந்திரச் சுத்தியல்களால் அடிக்கிறார்கள். இரும்பு அந்தத் தண்டின் மேல் ஒட்டி நெருங்கி, சில நிமிடங்களில் பள்ளங்கள் உள்ளே பதிந்துவிடுகின்றன. ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டி வளர்த்த முறை இது. அந்த இயந்திரத்தின் விலை பயங்கரமானது. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயிரமாவது குழலும் முதல் குழலைப் போலவே வரும். நம் பட்டறையில் ஒரு நல்ல ஆளை ஒரு நாள் முழுக்க நிறுத்திச் செய்த வேலையை இது டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

அடுத்தது ஒரு நட்டு. சிரிக்காதே. தோட்டா உட்காரும் அறைக்கும் அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மிகச் சரியாக அமைய வேண்டும். பழைய முறையில், தேர்ந்த கைகாரன் ஒருவன் குழலை முறுக்கிப் பார்த்து, கழற்றி, ஒரு மயிரிழை சீவி, மறுபடி முறுக்குவான். சாவேஜ் கம்பெனி 1958-இல் கொண்டுவந்த 110 ரகத்தில் இந்தத் தலைவலியை ஒழித்தார்கள். குழலின் மரை நீளமாக இருக்கும். உள்ளே அளவு பார்க்கும் கேஜை வைத்துக் குழலை அது தொடும்வரை திருகிவிட்டு, வெளியே ஒரு நட்டை இறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். பார்க்க அசிங்கம், நீர்க்குழாய் இணைப்பைப் போல. மருமகனின் துப்பாக்கியிலும் அதே நட்டு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவனைப் பார்க்க முடிந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பணத்தை மிச்சம் பிடித்த இடங்கள் கண்ணுக்கு நேராகவே தெரிகின்றன. தோளில் வைக்கும் கட்டை பிளாஸ்டிக், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியும் பிளாஸ்டிக், மெருகு கிடையாது. போல்ட்டை இழுத்தால் மணலில் வண்டி போவதைப் போல ஒரு சத்தம். நம் காலத்து வால்நட் கட்டையைத் தடவிய கைக்கு இது சகிக்காது. ஆனால் பார், தோட்டா எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடங்களில் அவர்கள் கை வைக்கவில்லை. பிளாஸ்டிக் கட்டைக்குள் இரும்பில் இரண்டு வி வடிவத் தாங்கிகளைப் பதித்து, துப்பாக்கியின் உடல் அவற்றின் மேல் அசையாமல் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். ட்ரிகரின் இறுக்கத்தையும் வாங்கியவனே ஒரு சாவியால் குறைத்துக்கொள்ளலாம். எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்த மேஸ்திரியின் வேலை இது. 1964-இல் வின்செஸ்டர் கம்பெனி தன் புகழ்பெற்ற 70 ரகத்தில் செலவைக் குறைக்கப் போய்க் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. ‘64-க்கு முந்தியது’ என்று சொல்லியே பழையதை இன்றும் அதிக விலைக்கு விற்கிறார்கள். அப்போது அவர்களுக்குக் கைவராதது இப்போது இவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

இனி அந்தக் காசுக் கதை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை நம் பஞ்சாங்கக்காரர்கள் கலை என்பார்கள் அல்லவா, அங்கே துப்பாக்கிக்காரர்களும் அதையேதான் அளவாக வைத்திருக்கிறார்கள். நூறு கஜத்தில் ஒரு கலை என்பது 26.6 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27. ஆகவே ‘ஒரு கலைத் துப்பாக்கி’ என்றால், துளைகளின் மையங்கள் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள். நான் இரண்டு நாணயங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் சுடுகளத்துக்குப் போனேன்.

முதல் நாள் நாணயம் வெளியே வரவே இல்லை. துளைகளின் கொத்து ஒரு சாண் அகலத்துக்குப் பரவியது. மருமகன் முகம் தொங்கிவிட்டது. துப்பாக்கியை விற்றுவிடலாம் என்கிறான். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள் மாப்பிள்ளை என்றேன். பார்த்தால், கீழ்த்தகட்டின் ஒரு திருகு விரலாலேயே சுழல்கிறது. அதைப் பொருத்திக் கொடுத்தது கடைக்காரன். இறுக்கிவிட்டு மறுவாரம் போனோம். மூன்று மூன்றாக ஐந்து கொத்து சுட்டான். நான் வெர்னியரால் அளந்தேன்: 22, 41, 30, 35, 27 மில்லிமீட்டர்.

இதில் எதை உன் அக்கா மகன் உனக்குச் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறாய்? 22-ஐத்தான். அவன் பொய்யன் என்று சொல்லவில்லை. மீன் பிடிக்கப் போனவன் நழுவிய மீனின் நீளத்தைக் கூட்டுவதைப் போல, சுடுகிறவன் அமைந்துவிட்ட கொத்தை மட்டும் மணிபர்ஸில் வைத்துக்கொள்கிறான். நான் அந்தப் பதினைந்து துளைகளையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியெடுத்துப் பார்த்தேன். அகலம் 52 மில்லிமீட்டர். அதுதான் அந்தத் துப்பாக்கி. தோட்டா எண்ணிக்கை கூடக் கூடக் கொத்து விரிந்துகொண்டே போகும், அது கணக்கு. அதே துப்பாக்கியால் மூன்றுக்குப் பதில் ஐந்து சுட்டால், சராசரியில் கால் பங்குக்கு மேல் அகலம் கூடிவிடும். மூன்று தோட்டாக் கொத்தை வைத்து ஒரு துப்பாக்கியைப் புகழ்வது, மூன்று பந்து பார்த்துவிட்டு மட்டையாளனைத் தேர்வு செய்வதைப் போன்றது.

அந்த 52-ஐயும் நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஊர்க் காட்டில் மானை நூறு கஜத்துக்கு உள்ளேதான் பெரும்பாலும் சுடுகிறார்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குலத் தட்டு. அதற்கு இந்தத் துப்பாக்கி தேவைக்கு மேல். மூவாயிரம் டாலர் துப்பாக்கி மானுக்கு எதையும் கூடுதலாகச் செய்துவிடாது. மருமகன் ஸ்கோப்புக்குத் துப்பாக்கியைவிட அதிகம் கொடுத்திருந்தான். அது சரியான செலவு என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு குறை மட்டும் உறுத்தியது. அந்தப் பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி வளைகிறது. சும்மா இருக்கும்போது ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் வருகிறது. முன்பகுதியை, சுடும்போது துப்பாக்கியைத் தாங்கும் மூட்டையின் மேல் அழுத்தி வைத்தால் நோட்டு மாட்டிக்கொள்கிறது. குழலைக் கட்டை தொட்டால், தோட்டா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி போகும். மூட்டையைப் பின்னுக்குத் தள்ளி வைத்தபிறகு சரியாகிவிட்டது.

இப்போது உன் அப்பாவுடையதைப் பற்றி. அது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நாம் என்.சி.சி.யில் சுட்ட த்ரீ நாட் த்ரீயின் தம்பி. லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் இராணுவத் துப்பாக்கியின் அதே உடல். .303 இராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் ஆஸ்திரியர்களின் பழைய 8 மில்லிமீட்டர் மேன்லிக்கர் தோட்டாவைப் பிடித்து, .315 என்று வேறு அறை வெட்டிக் கொடுத்தார்கள். அந்தப் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்கிறது. வேகமாக இழுத்துச் சுடலாம், சேறு பட்டாலும் வேலை செய்யும். நூறு கஜத்தில் நாணயத்துக்குள் சுடுவதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. அன்று ஆவடிப் பக்கம் சுடுகளத்தில் உன் ஐந்து தோட்டாவும் அட்டையில் பட்டதையும், என்னுடையதில் இரண்டு பக்கத்துப் பையனின் அட்டையில் போய் அவனுக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்ததையும் நீ மறந்திருக்க மாட்டாய். சுபேதார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறைக்கிறது.

ஆனாலும் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டுவது அந்தத் துப்பாக்கிக்குமே அதிகம். எனக்கு மூன்று சந்தேகங்கள். அந்த உடலில் முன்கட்டை, பின்பக்கம் இரும்போடு இறுக்கமாகப் பொருந்தி உட்கார வேண்டும். உங்கள் ஊர் தண்டிக்குடியின் ஈரத்தில் ஊறியும் கோடையில் காய்ந்தும் மரம் சுருங்கியிருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கட்டைக்குள் நகர்ந்து உட்காரும். ட்ரிகர் வளையத்தின் முன்னால் இருக்கும் பெரிய திருகு இறுகியிருக்கிறதா என்று பார். நீயே அரம் எடுத்து இறங்கிவிடாதே. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடு. இரண்டாவது, குழலின் வாய். கோல் விட்டுத் துடைத்துத் துடைத்தே வாயோரம் ஒருபக்கம் தேய்ந்துபோன துப்பாக்கிகள் உண்டு. மூன்றாவது நீ. எழுபத்திரண்டு வயதுக் கண் பின்குறி, முன்குறி, அட்டை மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. என் மருமகனுக்கு ஸ்கோப் இருந்தது. உனக்கு இருப்பது ஒரு பள்ளமும் ஒரு முள்ளும், கண்புரை அறுவை செய்த ஒரு கண்ணும். அப்பாவைக் குற்றம் சொல்வதற்கு முன், உன் மகளைச் சுடச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பன்றிக்காக வைத்திருக்கிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லித் திரியாதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது நம் நாட்டில் வேட்டை என்ற பேச்சே இல்லை. மிளகுக்கொடியைக் கிளறும் பன்றியைக்கூட வனத்துறைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்; நீ அல்ல. உனக்கு அது அப்பாவின் பொருள், வருடத்துக்கு இரண்டு முறை சுடுகளத்துக்குப் போகும் சாக்கு. அதற்கு அந்தத் துப்பாக்கி போதும். அமெரிக்காவின் நானூறு டாலர் துப்பாக்கியை நினைத்து ஏங்காதே. இங்கே இறக்குமதித் துப்பாக்கிக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் உன் தோட்டத்தில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஒப்படைக்காதே. எழுபது வயதானவர், அல்லது இருபத்தைந்து வருடம் வைத்திருந்தவர், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது உன் மகள்தானே, அவள் பெயரில் எழுது. ஆட்சியர் அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போ. உன் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது.

தேர்தல் வருகிறது. காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள். போன முறை திரும்பி வந்தபோது துரு பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். இந்த முறை கொடுப்பதற்கு முன் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு, வெளியேயும் தடவி, சீட்டில் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து வாங்கிக்கொள். பின்குறி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்து வை. திரும்பி வந்ததும் அந்தத் திருகைப் பார்த்துவிட்டுப் பத்துத் தோட்டா சுட்டு, அட்டையை மடிக்காமல் எனக்கு அனுப்பு. வெர்னியர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
கிருஷ்ணன்