ஆயாவின் பாதிப் பாட்டு

குடியாத்தம்

அன்புள்ள கண்ணு,

நேற்று நம் கழனியில் நடவு. இந்த முறையும் மெஷின்தான். பொழுது ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு பாட்டு இல்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆயா ஞாபகம் வந்து, அப்புறம் சோறே இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒருத்தி முதலடி எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எங்கள் நடவில் முதலடி எப்போதும் ஆயாதான். முந்தானையை இடுப்பில் செருகி, இடது கையில் நாற்று முடியோடு குனிந்தால் மத்தியானம் வரை நிமிர மாட்டாள். கோலார் தங்கவயலுக்குப் போன மச்சானைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகும். ஆயா ஒரு நாளும் அந்த ரயிலில் ஏறியதில்லை. கடைசியில், போனவனிடமிருந்து கடுதாசி வரவில்லை என்று ஒரு அடி. அந்த இடத்தில் மட்டும் அவள் கை நாற்றைச் சேற்றில் ஊன்றாமல் ஒரு நொடி நிற்கும்.

நம் வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ பேர் தங்கவயலுக்குப் போனார்கள். அதனால் அது ஊர்ப்பாட்டு என்றே நினைத்திருந்தேன். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டதாக ரேடியோவில் சொன்ன அன்று, அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா முறத்தைக் கீழே வைத்தாள். "அங்க இருந்தவங்கல்லாம் இனிமே எங்க போவாங்கடி?" என்று கேட்டாள். தாத்தா திண்ணையில்தான் இருந்தார். அன்றுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் வாய் திறக்க முடியாததை அவள் கழனியில் பத்துப் பதினைந்து பெண்களோடு சேர்ந்து பாடியிருக்கிறாள். எல்லோர் வாயிலும் அதே அடி வரும்போது அது யாருடைய துக்கம் என்று யார் கேட்கப் போகிறார்கள்? தாத்தாவோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள், அதுவும் நிஜம்.

அவன் யார், பேர் என்ன என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

இப்போது கடுதாசிக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்கு நினைவில்லை. கூட நட்டவர்களில் இருக்கிற ஒன்றிரண்டு பேருக்கும் தெரியவில்லை. உனக்கு வரலாம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அதே மெட்டை மெதுவாக்கி இழுத்துத் தாலாட்டாகப் பாடித்தான் ஆயா உன்னைத் தூங்க வைப்பாள். வார்த்தை வராவிட்டாலும் சரி, மெட்டு வந்தால் போதும். ராத்திரி பாப்பாவைத் தூங்க வைக்கும்போது வாயில் என்ன வருகிறதோ, அதை அப்படியே போனில் பதிந்து அனுப்பு.

உன் அம்மா