ஊர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருஷம் சங்கத்தின் நேரம் முக்கால்வாசி மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளின் சத்தத்துக்கே போனதால் நான் அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஆரல்வாய்மொழி கணவாயில் வைகாசியில் பிடிக்கிற காற்று புரட்டாசி வரை விடாது. பகலில் லாரி இரைச்சலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஊர் அடங்கிய பிறகுதான், ஒவ்வொரு இறக்கையும் கீழே வரும்போது 'வூஷ்... வூஷ்' என்று ஏறி இறங்கிக் கேட்கும். ஒரே சீராக இரைந்தால் காது பழகிவிடும், இது பழகவிடுவதில்லை. கிழக்குத் தெரு ஆச்சி ஆடி மாசம் முழுக்கத் திண்ணைக் கட்டிலை அடுக்களைக்குப் பின்னால் இழுத்துப் போட்டுத்தான் படுத்தார்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்து, முழிப்பு வந்த நேரத்தை எழுதச் சொன்னோம். தூக்கம் கலைவது, மறுநாள் தலைவலி, எரிச்சல், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. காதுக்கே கேட்காத ஒலி கருவைக் கலைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை, சத்தத்தை அளக்கக் கேட்டு நாம் எழுதிய மனுவில் சேர்க்கச் சிலர் கேட்டார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, சேர்க்கவில்லை. இல்லாததை எழுதினால் ஆச்சி சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கனடா சுகாதாரத் துறை 1,238 பேரிடம் விசாரித்து 2014இல் முடிவை வெளியிட்டது. சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடியது, ஆனால் தூக்கக் கோளாறுக்கும் நோய்க்கும் சத்தத்தோடு தொடர்பு தெரியவில்லை. சரி, அதையும் மறைக்காமல் மனுவில் எழுதினோம். அங்கே எந்த வீட்டிலும் கணக்கிட்ட சத்தம் 46 டெசிபலைத் தாண்டவில்லை, நம் கிழக்குத் தெருவில் எவ்வளவு என்று ராத்திரியில் யாரும் அளந்ததே இல்லை. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்பில் இரவு வரம்பு 45. வீட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிறுவ வேண்டும் என்ற மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது 2016இல், நம் பக்கத்துப் பழைய காற்றாடிகள் அதற்கு முன்பே நட்டவை.

காற்றாடிக் கம்பெனி ஆட்கள் ஒருமுறை வந்து அளந்தார்கள், மார்கழியில், பட்டப்பகலில். இறக்கை பாதி நேரம் சுற்றவே இல்லை. காற்றாடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, நம் பிள்ளைகளே அங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள். ஆடியில், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆச்சி வீட்டுத் திண்ணையில் கருவியை வைத்து அளக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மனு கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை, மறுபடி போகிறோம்.

புது நோட்டு வேண்டியவர்கள் சித்திரை முடிவதற்குள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.