13.92-லிருந்து 12.66-க்கு: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் 1970 பிளிமத் டஸ்டர் 340, இந்த அக்டோபரில் ஓஹையோ மாநிலம் நார்வாக்கில் இருக்கும் டிராக் பந்தயத் தடத்தில், நேர்கோட்டில் கால் மைலை 12.66 விநாடியில் ஓடி முடித்தது. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 107 மைல். போன வருஷம் கோடையில் இதே கார் இதே தடத்தில் எடுத்துக்கொண்டது 13.92 விநாடி, வேகம் 102 மைல். இடையில் என்ஜினைத் திறக்கவே இல்லை. பிஸ்டன், கேம், ஹெட் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. மாறியதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் சொல்லி, காட்டி, கூடவே நின்று மாற்றியவை. நேரில் நன்றி சொல்லிவிட்டேன்தான். இருந்தாலும் யார் என்ன செய்தார்கள் என்று நாலு பேர் அறியச் சொன்னால்தான் மனசு ஆறும். பெயர் எதையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

கார் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 340 என்பது என்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் சுமார் 5.6 லிட்டர், வி-8. புதிதாக வந்தபோது 275 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரே பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்), ஹோலி 750 கார்ப்பரேட்டர் எல்லாம் போட்டு வைத்திருந்தார். ஆக, சத்தத்துக்கும் சக்திக்கும் குறைவில்லை. ஓடி முடித்ததும் தரும் நேரச் சீட்டில் வரும் எண்தான் அதற்குப் பொருத்தமாக இல்லை.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போதும் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, கடைசியில் 1,320 அடி என்று ஒவ்வொரு இடத்தையும் எத்தனை விநாடியில் கடந்தோம் என்பது அதில் இருக்கும். எல்லோரையும் போல நானும் கடைசி வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த, பல வருஷம் ஏ-பாடி கார்களை (டஸ்டர், டார்ட் மாதிரியான சின்ன உடல் கார்கள்) ஓட்டி ஓய்ந்த அந்தப் பெரியவர், சீட்டை வாங்கி முதல் வரியில் விரலை வைத்தார். 60 அடிக்கு 2.21 விநாடி. "102 மைல் காட்டுகிற கார் 13.9 ஓடக் கூடாது. சக்தி இருக்கிறது, தரையில் இறங்கவில்லை" என்றார். கடைசி வேகம் என்ஜினின் பலத்தைச் சொல்லும், மொத்த நேரம் அந்தப் பலம் எப்படிச் செலவானது என்பதைச் சொல்லும். முதல் 60 அடியில் பத்தில் ஒரு விநாடி மிச்சமானால் கோட்டில் அது ஒன்றரை, இரண்டு மடங்காகத் திரும்பி வரும். எனக்கு அடுத்து வாங்க வேண்டிய பொருளாகத் தோன்றியது புது இன்டேக் (என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் பாகம்). அவர் அந்தச் செலவை அங்கேயே நிறுத்தினார்.

அதோடு விடவில்லை. அந்த வயதில், வெயிலில் சுட்ட தார்த் தரையில் அட்டையை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். டஸ்டரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், லாரிக்கு அடியில் பார்ப்போமே, அதே மாதிரிப் பட்டைகள். ஆக்சிலரேட்டரை ஒரே மிதி மிதித்தால் பின் ஆக்சிலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும். அப்போது ஸ்பிரிங்கின் முன்பாதி வளைந்து நெளியும், டயர் குதிக்கும், பிடிமானம் போய்விடும். இதைத் தடுக்க ஆக்சிலின் மூக்கில் ஒரு ரப்பர் கட்டை உண்டு, பினியன் ஸ்னப்பர் என்பார்கள். மூக்கு எழும்பினால் இது காரின் தளத்தில் போய் முட்டி, அதற்கு மேல் திரும்பவிடாமல் நிறுத்தும். என் காரில் இருந்தது குட்டையாகத் தேய்ந்து, தளத்துக்கும் அதற்கும் நடுவே என் முழுக் கையும் போகும்படி இருந்தது. பெரியவர் தன் கருவிப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்னப்பர் ஒன்றை எடுத்தார். மாட்டிவிட்டு, இடைவெளியைத் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து வைத்தார். ஸ்பிரிங்கின் முன்பாதிப் பட்டைகளைக் கிளாம்ப் போட்டு இறுக்கச் சொன்னார். பின்பாதிக் கிளாம்புகளைக் கழற்றி, பட்டைகள் தாராளமாக அசையும்படி விடச் சொன்னார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஐயா, அந்த மத்தியானம் நீங்கள் தந்ததுதான் இவ்வளவுக்கும் ஆரம்பம்.

அடுத்தது மதுரைக்கார அண்ணன். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் சாப்பாட்டுப் பந்தியில் பழக்கமானவர். கார் பந்தயத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூப்பிட்டேன், வந்தார், வேலி ஓரம் முட்டிபோட்டு உட்கார்ந்து காரின் பின்பக்கத்தை மெதுவோட்ட வீடியோவாக எடுத்தார். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, வலது டயர் சும்மா சுத்துதுப்பா. இடதுதான் உழைக்குது" என்றார். எவ்வளவு சரியாகப் பிடித்தார்! டிரைவ் ஷாஃப்ட் (என்ஜின் பக்கத்துச் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) சுற்றும் திசையில் ஆக்சிலையும் முறுக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இடது சக்கரம் தரையில் அழுந்தும், வலது சக்கரம் லேசாகும்.

பிளிமத் கார்களைச் செய்த கிறைஸ்லர் கம்பெனியின் பொறியாளர்கள் இதை 1960-களிலேயே புரிந்துகொண்டு, வலதும் இடதும் வேறு வேறு பலத்தில் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்குகளைச் செய்தார்கள். பகலில் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் சொந்த நேரத்தில் பந்தயத்துக்குக் கார் கட்டியவர்கள் அந்தக் கம்பெனியில் இருந்தார்கள். டாம் ஹூவர் அவர்களில் ஒருவர். தாங்கள் கண்டுபிடித்ததைச் சாதாரண ஆட்களும் வாங்கி மாட்டும்படி செய்த கம்பெனி அது. அந்தத் தலைமுறைக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம். அந்த ஸ்பிரிங்கைப் போட்ட பிறகு நிற்கும்போது என் கார் வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஏதோ பழுது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அழகாகத்தான் படுகிறது.

இவ்வளவும் முடித்து, 255/60ஆர்15 டிராக் ரேடியலும் (தெருவிலும் ஓட்டக்கூடிய, பிடிமானம் கூடிய டயர்) போட்ட பிறகு 60 அடி 1.84-க்கு வந்தது. டயர் அழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை இறக்கச் சொன்னதும், பர்ன்-அவுட்டை (கிளம்பும் முன் டயரைச் சுழலவிட்டுச் சூடேற்றுவது) சின்னதாக முடிக்கச் சொன்னதும் ஸ்டார்ட் லைனில் வேலை பார்க்கும் தம்பி. கிளம்பும் இடத்தில் குறுக்கே போகும் விளக்குக் கற்றையில் முன்சக்கரத்தை நுனியில் மட்டும் நிறுத்து என்றதும் அவர்தான். பச்சை விளக்கு எரிந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்காது. சக்கரம் அந்தக் கற்றையை விட்டு விலகும்போதுதான் ஓடத் தொடங்கும். நுனியில் நின்றால் சில அங்குலம் உருண்ட பிறகுதான் கணக்கு ஆரம்பம். காசு செலவில்லாமல் கிடைத்த நேரம் அது.

கியர் விஷயம். பின் ஆக்சிலில் இருந்தது 3.23 விகிதம், அதாவது டிரைவ் ஷாஃப்ட் 3.23 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். அதில் கோட்டைத் தாண்டும்போது என்ஜின் நிமிஷத்துக்கு 4,300 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இந்தக் கேமுக்கு முழுப் பலமும் 5,500-க்குப் பக்கத்தில் வரும். அங்கே போவதற்குள் தடம் முடிந்துவிடும். ஷூர்-கிரிப் (இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு) வைத்த 3.91 கியர் செட்டைக் கட்டித் தந்தவர் எங்கள் ஊரின் சின்னப் பட்டறைக்காரர். அவர் வேலை செய்வதைப் பார்க்கிறதே ஒரு பாடம். பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். தடம் பல்லின் நுனிக்கு ஒதுங்கியிருந்தது. கழற்றினார், ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றினார், மறுபடி பூசினார். பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 8 பங்கு. டயல் கேஜ் 7 காட்டியது, எனக்குப் போதும் என்று தோன்றியது. அவருக்குப் போதவில்லை. ரிங் கியரைச் சுற்றி இன்னும் சில இடங்களில் அளந்து, எல்லா இடத்திலும் அதே எண் வந்த பிறகுதான் போல்ட்டை இறுக்கினார். பேரிங் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்றுவரை அந்த ஆக்சிலில் ஒரு சின்ன முனகல்கூட இல்லை. என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும், 3,000 சுற்றில் பிடிக்கும் ஒன்றாக மாற்றினோம், 60 அடி 1.72 ஆனது.

இப்போது ஸ்லாண்ட் சிக்ஸ் என்ற ஆறு சிலிண்டர் என்ஜின் வைத்த டாட்ஜ் டார்ட் கார் ஓட்டும் அக்காவுக்கு வருகிறேன். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அந்தக் காரை வைத்துக்கொண்டு, பிராக்கெட் பந்தயத்தில் (அவரவர் முன்கூட்டிச் சொல்லும் நேரத்துக்கு ஏற்ப மெதுவான கார் முன்னால் கிளம்பும் பந்தயம்) பெரிய பெரிய வி-8 கார்களை வீட்டுக்கு அனுப்புகிறவர். மிதித்த மாத்திரத்தில் என் கார் ஒரு கணம் திணறியதைக் காதாலேயே கேட்டுவிட்டு, கார்ப்பரேட்டரின் ஸ்குவர்ட்டரை (மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் துளை) 31-லிருந்து 37-க்கு மாற்றச் சொன்னார். திணறல் அன்றைக்கே போயிற்று. அதைவிடப் பெரியது அடுத்து அவர் சொன்னது. 660 அடியில் வேகம் 84, கோட்டில் 102. "84 என்றால் 105, 106 வந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் உன் கார் பட்டினி கிடக்கிறது" என்றார். பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜைக் கண்ணாடிக்கு வெளியே கட்டி ஓடிப் பார்த்தோம். கிளம்பும்போது 6 பிஎஸ்ஐ, மூன்றாவது கியரில் 2. காரோடு வந்த 5/16 அங்குலக் குழாய் இந்த என்ஜினின் பசிக்குப் போதவில்லை. டேங்க்கிலிருந்து பம்ப் வரை 3/8 குழாய் இழுத்தோம், டேங்க் உள்ளே பெட்ரோலை உறிஞ்சும் பிக்கப்பையும் மாற்றினோம். இக்னிஷனை, அதாவது தீப்பொறி எவ்வளவு முன்கூட்டி விழ வேண்டும் என்பதை, மொத்தம் 35 டிகிரியில் வைத்தோம். அந்த 5 மைல் வேகம் முழுக்க அக்கா கொடுத்தது. கார்ப்பரேட்டரைக் குறை சொல்லிப் புதிது வாங்கத் தூண்டுவோர்தான் அதிகம், அவர் குழாயைப் பார்க்கச் சொன்னார்.

தொழில்நுட்பப் பரிசோதகருக்குத் தனியாக ஒரு நன்றி. ஸ்லிக் டயரோடு (பள்ளக் கோடுகளே இல்லாத பந்தய டயர்) 13.99-க்குக் கீழே ஓடினால் டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றி இரும்பு வளையம் கட்டாயம். தெருவில் ஓட்டும் டயருக்கு எங்கள் நேரத்தில் அந்த விதி வராது. ஆனாலும், "விதி கேட்காவிட்டாலும் போட்டுவிடு" என்றார். முன்பக்க ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும். போட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி நிம்மதியாகப் பார்க்கிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது அவர்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மகள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். வெப்பம், ஈரப்பதம், டயர் அழுத்தம், கிளம்பிய சுற்று, சீட்டின் எல்லா எண்களும் அதில் ஏறும். ஒரு ஓட்டத்தில் இரண்டு விஷயத்தை மாற்ற விடமாட்டாள். இதே அமைப்பில் ஜூலைப் புழுக்கத்தில் 12.9 சொச்சம்தான் வந்தது என்று அவள்தான் காட்டினாள். ஆக 12.66-இல் அக்டோபரின் குளிர்ந்த, அடர்ந்த காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கடைசியாக, தடத்தை நடத்துகிற பேடர் குடும்பத்துக்கும், இரவெல்லாம் பசை தெளித்து ரப்பர் ஏற்றித் தரையைத் தயார் செய்யும் ஆட்களுக்கும், ஆம்புலன்ஸில் காத்திருப்பவர்களுக்கும் நன்றி. நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் 2018-இல் டிராக் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். அட்லாண்டா தடம் 2021-இல் போனது, ஹூஸ்டன் தடம் 2023-இல். அங்கெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. தடம் திறந்திருந்தால்தானே பெரியவர் சீட்டை வாங்கிப் பார்க்க முடியும்?

அப்புறம் ஒரு விஷயம். கழற்றிய 3.23 கியர் செட்டும், வி-8-க்கு உரிய பழைய லீஃப் ஸ்பிரிங்குகளும் கராஜில் நல்ல நிலையில் இருக்கின்றன. டார்ட், வேலியன்ட், டஸ்டர் எது வைத்திருந்தாலும் சரி, தேவைப்படுகிறவர்கள் சொல்லுங்கள். விலை கிடையாது. வந்து எடுத்துக்கொண்டு போகலாம், மாட்டவும் நான் வருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
டஸ்டர்காரன், கிளீவ்லாந்து