முத்திரையைத் தேய்த்து அழித்த கிராங்க்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

கடந்த மாதம் உங்களிடம் சைக்கிளுக்கான ஒரு ஜோடி கிராங்க் (பெடலைத் தாங்கும் கைகள்) வாங்கினேன். 'கம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்டு, 1973, அசல்' என்று பட்டியலில் போட்டிருந்தீர்கள். விலை 280 யூரோ. பேரம் பேசவில்லை. 1973இல் செய்த கொல்னாகோ சைக்கிள் ஃபிரேம் ஒன்றுக்கு, அதே ஆண்டின் பாகங்களை மூன்று வருடங்களாகத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன். பின் டெரெய்லரில் (கியர் மாற்றும் கருவியில்) 'பேட்டன்ட் 73' என்று பொறித்திருக்கிறது. சக்கர மையமான ஹப்பின் லாக் நட்டிலும் 73. கிராங்க் மட்டும்தான் பாக்கி.

பெட்டியைப் பிரித்ததும் கிராங்கின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பைத்தியம் பிடித்த எவரும் முதலில் செய்வது அதுதான். எழுபதுகளின் முற்பகுதியிலிருந்து கம்பன்யோலோவின் விசென்சா தொழிற்சாலை அங்கே ஆண்டுக் குறியைப் பொறித்தது: எழுபதுகளுக்குச் சாய்சதுரத்துக்குள் ஓர் எண், எண்பதுகளுக்கு வட்டத்துக்குள் ஓர் எண். நீங்கள் அனுப்பியதில் வட்டத்துக்குள் 3 இருந்தது. அதாவது 1983. எண்ணைப் பார்த்தவர் வட்டத்தைக் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை எனக்குக் கோபமே இல்லை. தொடக்கத்தில் நானும் இப்படி ஏமாந்தவன்தான்.

படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் ஊழியர் தொலைபேசியில், "இரண்டும் ஒரே மாடல்தானே, இரண்டிலும் 144 மில்லிமீட்டர் போல்ட் வட்டம் உள்ள பல்சக்கரம் பொருந்தும், பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பொருந்தும், மறுக்கவில்லை. வெறுமனே பொருந்தினால் போதும் என்றால் இத்தனை விலை கொடுத்திருக்க மாட்டேன். கடைசியில் மாற்றித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டதால் திருப்பி அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து 'மாற்றுப் பொருள்' என்ற சீட்டோடு பெட்டி வந்தது. உள்ளே இருந்தது அதே கிராங்க். இடது கையில் பெடல் துளைக்கு அருகே இருந்த கீறல் என் படத்தில் உள்ளபடியே இருக்கிறது. வட்டமும் 3-ம்தான் காணவில்லை. அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, தேய்த்தது தெரியாமலிருக்க முழுவதையும் கண்ணாடி போல மெருகேற்றியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் கொடுத்த அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தைக் காக்கும் படலம்) போய்விட்டது.

இந்த வகைக் கிராங்குகளில் கையும் பல்சக்கரத்தைத் தாங்கும் கிளையும் சேரும் மூலையில்தான் விரிசல் விடும். பழகியவர்கள் ஓட்டுவதற்கு முன் அதை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் மெருகு போட்டிருக்கிறீர்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் இனி கண்ணுக்குத் தெரியாது. இதில் ஏறி மிதிக்க எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1983 சைக்கிள் வைத்திருப்பவர் யாராவது இதை மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார்; நீங்கள் தேய்க்கும்வரை அது நேர்மையான பொருள். குறி பொறிக்கும் வழக்கம் வருவதற்கு முந்தைய கிராங்குகளில் பொதுவாக இந்தக் குறி இராது. ஆகவே உங்கள் அரம் இதை 1983இலிருந்து 1970க்கே கொண்டுபோய்விட்டது. அடுத்த பட்டியலில் அப்படித்தான் விலை போடுவீர்களோ?

280 யூரோவையும் இருமுறை ஆன தபால் செலவையும் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். முத்திரையை அழிக்கச் சொன்னது யார் என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். தவறினால், இரு படங்களுடனும் நுகர்வோர் அமைப்பில் முறையிடுவேன்.

கிராங்கைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். பணம் வந்த அன்றே ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் படம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மிலான்